‘ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்’: ஒற்றை வரிக்குள் ஒரு வாழ்க்கை

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். முதலில் கண்ணீர் அஞ்சலியும் நினைவஞ்சலியும். அப்புறம்தான் அரசியல், சினிமா எல்லாம். அந்தப் பக்கங்களில் ஒரு புகைப்படம் இருக்கும். அதன் கீழே பெயர், தோற்றம், மறைவு. பிறகு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று நீளும் பட்டியல். சில படங்களில் பெயருக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

மூன்றே சொற்கள். பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு தலைமுறை முழுக்க என்ன செய்தார்கள் என்பதை அந்த மூன்று சொற்களுக்குள் அடக்கிவிட்டோம்.

2024-இல் என் தாத்தா தமது 86-ஆவது வயதில் இறந்தபோது எங்கள் குடும்பமும் அப்படி ஒரு விளம்பரம் கொடுத்தது. நல்ல வேளையாக அதற்கு முன்பே அவருடைய குரல் என்னிடம் இருந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நான் சிலாங்கூரில் மாட்டிக்கொண்டேன். அவர் பேராக்கில் இருந்தார். மாநில எல்லையைத் தாண்ட வழியில்லை. வானொலி அறிவிப்பாளருக்கு வீட்டில் ஒலிவாங்கி இருக்கும். பேசுவதற்குத் தாத்தாவுக்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு புதன்கிழமை இரவும் போனில் பேசிப் பதிவு செய்தோம். மொத்தம் 23 பதிவுகள். இந்தக் கட்டுரையில் இருப்பவற்றில் பாதி அவர் வாயால் சொன்னது. மீதி, அவர் சொல்லாமல் விட்டு, பிறகு பாட்டியும் அத்தையும் சொன்னது.

மங்கு துடைத்த கைகள்

தாத்தா பிறந்தது 1938-இல், தெலுக் இந்தானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அன்றைக்கு அந்த ஊர் தெலுக் ஆன்சன். 1982-இல்தான் பெயர் மாறியது. கடைசி வரை அவர் வாயில் ஆன்சன்தான் வரும்.

ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோ மீட்டர் நீளமுள்ள அந்த மரண ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனது வரலாறு. அவர்களில் பெரும்பங்கினர் திரும்பி வரவில்லை. கொள்ளுத்தாத்தாவும் வரவில்லை. தாத்தாவுக்கு அப்போது ஐந்து வயது. “முகம் நினைவில்ல. அவர் லாரியில ஏறினப்ப காலில் செருப்பு இல்லைங்கிறது மட்டும் நினைவிருக்கு” என்று மூன்றாவது பதிவில் சொல்கிறார். அதைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசவில்லை.

கொள்ளுப்பாட்டி மரம் வெட்டப் போனார். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பையனும் கூடப் போய், மங்கு துடைத்துக் கொடுத்து, ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டு, அங்கிருந்தே பள்ளிக்கு ஓடுவான். பள்ளி என்றால் தகரக் கூரை போட்ட ஒரே கூடம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எப்படிப்பட்ட பள்ளி, யார் ஆசிரியர் என்பதெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. சில இடங்களில் கிராணியே வாத்தியார். சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி.

தாத்தாவுக்குக் கிடைத்தவர் உண்மையான வாத்தியார். ஏழாம் வகுப்பு முடித்த பையனை மரம் வெட்ட அனுப்பாமல், அதே பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். வார நாளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம். வார இறுதியில் சைக்கிள் மிதித்துப் பட்டணத்தில் நடக்கும் பயிற்சி வகுப்பு. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலையும், சைக்கிளுக்கு ஒரு விளக்கும் வாங்கினாராம். “அது வரைக்கும் திரும்பி வரும்போது இருட்டில பாட்டுப் பாடிக்கிட்டே வருவேன். எதிரில் வர்றவனுக்கு ஆள் வருதுன்னு தெரியணுமே!”

லயத்துக்கு லயம் ஒரு வெள்ளி

1950-களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைவதையொட்டி, தமிழ் முரசு ஆசிரியர் கோ.சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதித் திட்டத்தை நடத்தினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பதுதான் வேண்டுகோள். பல்கலைக்கழகத்தின் வாசலையே பார்த்திராத தோட்டத் தொழிலாளர்கள் அந்த வெள்ளியைக் கொடுத்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் அதை வசூல் செய்தவர்களில் தாத்தாவும் ஒருவர். அப்போது அவருக்கு 17 வயது. சம்பள நாள் சாயங்காலம் லயம் லயமாக ஏறி இறங்கி 47 வெள்ளி சேர்த்திருக்கிறார். ஒரு கிழவி, “இந்தப் பள்ளிக்கூடத்தில என் பேரன் படிப்பானா?” என்று கேட்டாராம். “படிப்பான்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் ராத்திரி தூக்கம் வரல” என்கிறார். அந்தத் துறை 1956-இல் தொடங்கியது. கிழவியின் பேரன் அங்கே போனானா என்பதைப் பற்றிப் பதிவில் எதுவும் இல்லை. ஆனால் இந்த 47 வெள்ளிக்கு எங்கள் வீட்டில் ஒரு தொடர்ச்சி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய வாத்தியாரின் வேலை

1971-இல், 33 வயதில், தாத்தா தலைமையாசிரியர் ஆனார். 1993-இல் 55 வயது நிறைந்து ஓய்வு பெறும் வரை, இடையில் மூன்று ஆண்டுகள் தவிர, ஒரே தோட்டப் பள்ளியில்தான் இருந்தார். அன்று அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 55. இன்று 60.

தலைமையாசிரியர் என்றதும் தனி அறை, குளிர்சாதனம், மேசை மேல் பெயர்ப்பலகை என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு அறை கிடையாது. ஆறு வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர்கள். அவரும் அந்த மூவரில் ஒருவர். கூடத்தின் ஒரு மூலையில் அலமாரி. அதன் பின்னால் ஒரு நாற்காலி. அதுதான் அலுவலகம்.

அவருடைய நாள் காலை ஆறரை மணிக்கு லயத்தில் தொடங்கும். பெற்றோர் இருட்டிலேயே வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் பிள்ளைகளை எழுப்ப ஆள் இருக்காது. எட்டு வயது அக்கா, கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தம்பியைக் குளிப்பாட்ட வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளை சோம்பேறிப் பிள்ளை இல்லை, எழுப்ப ஆளில்லாத பிள்ளை என்பது தாத்தாவுக்குத் தெரியும். அவரும் அப்படி வளர்ந்தவர்தானே! கையில் பள்ளி மணியை எடுத்துக்கொண்டு லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடித்துக்கொண்டே நடப்பார். எந்த வீட்டுக் கதவு திறக்கவில்லையோ அங்கே நிற்பார். வருகைப் பதிவேடு நிறைந்ததற்கு அந்த மணிதான் காரணம் என்று பாட்டி சொல்வார்.

கல்வி அமைச்சு 1966-இல் வானொலி வழியாகப் பள்ளிப் பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கியது. தாத்தா தம் சொந்த டிரான்சிஸ்டரைப் பள்ளிக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைப்பார். ஒரு வகுப்பு வானொலி கேட்கும் நேரத்தில் இன்னொரு வகுப்புக்குக் கணக்கு நடத்தலாம். ஆள் பற்றாக்குறைக்கு அவர் கண்ட வழி அது. நான் வானொலியில் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். அவர் மட்டும், “வானொலி எனக்கு நாலாவது வாத்தியார். நல்லாப் பார்த்துக்க” என்றார்.

அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு வியப்பாக இருக்கக்கூடிய ஒன்று: இந்தத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் தம் மாலை நேரங்களில் பெரும்பகுதியைச் செலவழித்தது மலாய்மொழிக்குத்தான். காரணம் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் ஆறாம் ஆண்டை முடித்தபின் படிவம் 1-க்குப் போகுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டும். மலாய்மொழியில் நல்ல தேர்ச்சி இருந்தால் நேரே படிவம் 1-க்குப் போகலாம் என்ற வழி பின்னர் வந்தது. ஒரு வருடம்தானே என்று நமக்குத் தோன்றும். தோட்டத்துப் பையனுக்கு அந்த ஒரு வருடம் பெரிய பள்ளம். பட்டணத்துப் பள்ளியில், புரியாத மொழியில், தன்னைவிடச் சின்னவர்கள் முன்னேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவதைத் தாத்தா கண்ணால் பார்த்தவர். அதனால் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கேஸ் விளக்கு எரியும். கம்பத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய் ஆசிரியர் சைக்கிளில் வந்து இலவசமாகச் சொல்லிக் கொடுப்பார். அவருக்குப் பாட்டி கோப்பியும் வடையும் கொடுத்தனுப்புவார். ஹரி ராயாவுக்கு அவர் வீட்டு லெமாங் எங்கள் வீட்டுக்கு வருவது இப்போதும் நிற்கவில்லை. இப்போது அவருடைய பேரன் கொண்டுவருகிறார்.

அச்சடித்த பாரமும் அழியாத பேனாவும்

நாட்டின் விடுதலையின்போது 880-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. இந்தச் சரிவின் பெரும்பகுதி தோட்டங்களின் கதையோடு சேர்ந்தது. விடுதலைக்குப் பிறகு பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணையில் பணம் கட்டிப் பங்கு வாங்கி, தோட்டத்தையே சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். அந்தப் பாரங்களை எங்கள் தோட்டத்தில் நிரப்பிக் கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

பாரம் என்று வந்தால் எல்லாரும் வாத்தியார் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மரத்தையே வெட்டி, ஆனால் கையில் ஒரு தாளும் இல்லாதவர்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய காலம் அது. தாத்தா அப்போது வெறும் ஆசிரியர்தான். பள்ளி முடிந்ததும் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். பிரசவம் பார்த்த ஆயாவைக் கூப்பிட்டு, எந்த வருடம், எந்த வெள்ளத்துக்கு முன்னால், எந்தத் திருவிழாவுக்குப் பின்னால் என்று கேட்டுக் கேட்டுப் பிறந்த தேதியை நெருங்குவார்.

தலைமையாசிரியர் ஆன பிறகு இந்த வேலை கூடியது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் ஒரு பிள்ளை வந்து நின்றால், பத்திரம் கொண்டு வா என்று அவர் திருப்பி அனுப்பியதில்லை. பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, அப்பாவை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போவார். ஒரு தடவையில் முடியாது. நாலு தடவை, ஐந்து தடவை போக வேண்டும். அப்பாவுக்கோ ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அந்தக் கூலியையும் சில நேரம் தாத்தாவே கொடுத்திருக்கிறார்.

இதெல்லாம் தலைமையாசிரியரின் வேலையா என்று பதிவில் கேட்டேன். “பேர் இல்லாத பிள்ளைக்கு நான் எந்த ரெஜிஸ்தர்ல அ போடுறது, ஆ போடுறது?” என்று திருப்பிக் கேட்டார்.

ஊருக்கு அப்பா, வீட்டுக்கு ஹெட்மாஸ்டர்

இப்போது வீட்டுக்குள் வருவோம். ஏனென்றால் ஊருக்காக வாழ்ந்தவர்களின் கதையை நாம் வீட்டு வாசலோடு நிறுத்திவிடுகிறோம். உள்ளே இருந்தவர்களுக்கும் ஒரு கதை உண்டு.

தாத்தாவுக்கு மூன்று மகன்கள், மூன்று மகள்கள். ஆறு பேரும் அவர் பள்ளியிலேயே படித்தவர்கள். பட்டணத்தில் வேறு பள்ளி இருந்தது. தோட்டத்துக் கிராணி வீட்டுப் பிள்ளைகள் அங்கே போனார்கள். “என் பிள்ளையை வேற இடத்துக்கு அனுப்பிட்டு, உன் பிள்ளையை இங்க அனுப்புன்னு எந்த முகத்தோட கேட்பேன்?” என்பது தாத்தாவின் வாதம். பள்ளியில் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது. சார் என்றுதான் கூப்பிட வேண்டும். என் அப்பா வீட்டிலும் பழக்கதோஷத்தில் சார் என்று கூப்பிட்டு அடி வாங்கியிருக்கிறார்.

கண்டிப்பானவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஆறு பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளையும் வரிசையாகப் போட்டு இஸ்திரி போடுவது அவர்தான். முதலில் கரிப்பெட்டி, பிறகு மின்சாரப் பெட்டி. பாட்டியை அந்த வேலையைத் தொடவிட மாட்டார். “வாரம் முழுக்க நீ நிக்கிற. இன்னைக்கு நான் நிக்கிறேன்” என்பாராம். பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது தொடர்ந்தது. விடுமுறைக்குப் போனால் எங்கள் கைக்குட்டைக்குக்கூட மடிப்பு விழுந்திருக்கும்.

அவருடைய கணக்கெல்லாம் 555 நோட்டுப் புத்தகத்தில். சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகம் நம் எல்லார் வீட்டிலும் இருந்திருக்கும். மளிகைக் கடைக் கடன், கூட்டுக் கட்டிய பணம், பால்காரன் கணக்கு. தாத்தா இறந்த பிறகு அலமாரியைத் திறந்தபோது, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய 31 புத்தகங்கள் கிடைத்தன. அவற்றில் வீட்டுச் செலவும் இருந்தது. கூடவே மற்றொரு பட்டியலும் இருந்தது: யாருக்கு எவ்வளவு, எதற்கு. பரீட்சைக் கட்டணம், பஸ் காசு, மூக்குக் கண்ணாடி, ஒரு ஜோடி சப்பாத்து.

1980-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு வரி. தோட்டத்துப் பையன் ஒருவன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர 120 வெள்ளி.

அந்தப் பக்கத்தைப் பெரிய அத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதே 1980-இல்தான் அவருக்கு எஸ்.பி.எம். முடிவு வந்தது. ஆறாம் படிவத்துக்கு ஈப்போவில் இடம் கிடைத்தது. விடுதிக்குக் கட்டப் பணம் இல்லை என்று தாத்தா சொல்லிவிட்டார். அத்தை ஒரு வருடம் வீட்டிலிருந்து, தற்காலிக ஆசிரியையாக வேலை பார்த்து, பணம் சேர்த்துக்கொண்டு, மறு வருடம்தான் போனார். அந்தக் காரணம் என்ன என்பது 44 வருடம் கழித்து ஒரு 555 புத்தகத்தில் கிடைத்தது.

“ஊருக்கெல்லாம் அப்பா. எங்களுக்கு ஹெட்மாஸ்டர்” என்றார் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்பு முழுசாக வரவில்லை.

பாட்டி மட்டும் அப்போது பேசினார். “எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு அப்பா இல்ல. அந்த வருஷம் விட்டா அவனுக்கு வேற வருஷம் இல்ல. உனக்கு நாங்க இருந்தோம். அடுத்த வருஷம் இருந்துச்சு.” அத்தை, “என்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா” என்றார். அதற்குப் பாட்டியிடம் பதில் இல்லை.

கருமக்கிரியை அன்று அந்தப் பையன் வந்திருந்தார். பையன் இல்லை, 64 வயதுப் பெரியவர். அவரும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 120 வெள்ளியை முதல் சம்பளத்திலேயே திருப்பிக் கொண்டு வந்தாராம். தாத்தா வாங்கிக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே இன்னொரு பிள்ளையின் பெயரைப் புத்தகத்தில் எழுதினாராம். அத்தையும் அவரும் பந்தலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தையே, “கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா இப்ப அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் இருக்கு, நல்ல முகம்” என்றார்.

அந்த 47 வெள்ளிக்கு வருகிறேன். ஒரு வருடம் தாமதமாக ஆறாம் படிவம் போன அத்தை, அதை முடித்து நுழைந்தது மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில். 1986-இல் பட்டம் வாங்கினார். பட்டமளிப்பு விழாவுக்குத் தாத்தா தம் திருமணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று, தாம் வசூல் செய்த கதையை அத்தையிடம் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னாராம். லயத்துக் கிழவிக்குக் கொடுத்த வாக்கை, பேரனுக்குப் பதில் மகள் வழியாக நிறைவேற்றிவிட்டோம் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படி அவர் வாயால் சொன்னதில்லை. அத்தை சொல்வது இவ்வளவுதான்: “அன்னைக்குக் கோட்டுப் பையிலேருந்து ஒரு வெள்ளி நோட்டை எடுத்து என் கையில் வச்சார். ஏன்னு நான் கேட்கல.”

பள்ளி நகர்ந்த கதை

ஓய்வுக்குப் பிறகு தாத்தா பட்டணத்தில் சின்ன வீடு வாங்கிக் குடியேறினார். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். லயங்கள் காலியாயின. 2000-களின் தொடக்கத்தில் அவர் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை 14. தோட்ட நிலத்தில் இருக்கும் பகுதி உதவி பெறும் பள்ளி என்பதால், புதுக் கட்டடத்துக்கு வழி தேடுவதும் எளிதாக இல்லை.

பள்ளியின் உரிமத்தைப் பட்டணத்துத் தாமானுக்கு மாற்றலாம் என்ற பேச்சு வந்தபோது, முன்னாள் மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நம் தாத்தா பாட்டி கட்டிய பள்ளியை விட்டுக் கொடுப்பதா என்று ஒரு பக்கம். பள்ளி வாரியக் கூட்டத்தில் பழைய தலைமையாசிரியர் தங்கள் பக்கம் நிற்பார் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். தாத்தா எழுந்து, மாற்ற வேண்டும் என்றார். “பிள்ளைங்க எங்க இருக்காங்களோ அங்கதான் பள்ளிக்கூடம். நான் மணி அடிச்சுக்கிட்டு லயத்துக்குப் போனேன். இப்ப லயம் தாமானுக்குப் போயிருச்சு. மணியும் போகட்டும்.” சிலர் அவரோடு ஒரு வருடம் பேசவில்லை. கோயில் திருவிழாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. அது அவரை வாட்டியது என்று பாட்டி சொல்வார்.

இன்று அந்தத் தாமானில் அந்தப் பள்ளி இருக்கிறது, அதே பழைய தோட்டத்துப் பெயரோடு. 200-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். நாடு முழுவதும் 150-க்குக் குறைவான மாணவர்களைக் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் ஏராளமாக இருக்கும் நிலையில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த இடத்தில், இளம் பெற்றோர் பலருக்கு இருக்கும் கேள்வி ஒன்றையும் தொட வேண்டும். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது. என்னை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று என் அப்பாவும் அம்மாவும் வீட்டில் பல நாள் விவாதித்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் தயக்கம். பக்கத்துத் தேசியப்பள்ளி நடக்கும் தூரம். தமிழ்ப்பள்ளி 11 கிலோ மீட்டர். தாத்தா வந்து மொழி, இனம், பண்பாடு என்று எந்தப் பேச்சும் பேசவில்லை. இரண்டு நாள் தங்கினார். பள்ளிப் பேருந்துக்காரரைத் தேடிப் பிடித்து, நேரம் கேட்டு, கட்டணம் கேட்டு, ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தார். “பஸ் காசு என் பென்ஷன்ல. முடிவு உங்களது” என்றார். ஆறு வருடம் அந்தக் காசு மாதம் தவறாமல் வந்தது. யோசித்துப் பாருங்கள்: நம்மில் பலருக்குக் கொள்கை தடையாக இருப்பதில்லை, காலை ஆறு மணிக்குப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்பதுதான் தடையாக இருக்கிறது. அதை அவர் புரிந்து வைத்திருந்தார்.

உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஒற்றை வரி

தாத்தாவின் தலைமுறையில் பலர் போய்விட்டார்கள். இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். தோட்டப் பள்ளிகளின் பதிவேடுகள் பல கரையானுக்குப் போய்விட்டன. கட்டடங்கள் செம்பனைக்குள் மறைந்துவிட்டன. அந்த வரலாறு இப்போது பெரும்பாலும் இருப்பது, நம் வீட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம்தான். அது ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. மரம் வெட்டியவர், லாரி ஓட்டியவர், ஆயக்கொட்டகை ஆயா, எல்லாரிடமும் இருக்கிறது.

பேட்டி எடுப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சில விஷயங்கள் சொல்கிறேன். “உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். “அதுல என்னம்மா இருக்கு” என்று முடித்துவிடுவார்கள். பொருளைப் பற்றிக் கேளுங்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? லயத்து வீட்டில் எத்தனை பேர் எங்கெங்கே படுத்தீர்கள்? பள்ளிக்கு நடந்து போகும் வழியில் என்னென்ன இருந்தன? பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். நடுவில் அமைதி வந்தால் அடுத்த கேள்வியைப் போட்டு நிரப்பாதீர்கள். என் 23 பதிவுகளிலும் முக்கியமானவை எல்லாம் ஐந்து பத்து விநாடி அமைதிக்குப் பிறகு வந்தவைதான்.

வீட்டில் உள்ள மற்றவர்களிடமும் கேளுங்கள். தாத்தா சொன்ன கதையில் 120 வெள்ளி இல்லை. அதை அத்தையிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. ஒருவரை நல்லவர் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு அவர் சுவரில் மாலை போட்ட படமாகிவிடுவார். அவரால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை விட்டுக் கொடுத்தார்கள் என்று இரண்டும் தெரிந்தால்தான் அவர் மனிதராக நிற்பார்.

தாத்தாவின் 31 புத்தகங்களையும் அத்தை தம் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவற்றில் உள்ள பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவரையும் தேடிப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். இதுவரை 19 பேர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் குளுவாங்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் சிங்கப்பூரில் கனரக வாகனம் ஓட்டுகிறார். ஒருவர் லுமுட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடனைத் திருப்பிக் கேட்க அத்தை அழைக்கவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: “என் அப்பா உங்களுக்கு எப்படிப்பட்ட வாத்தியார்?”

இந்த வாரம் உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் வெற்றிலையோ தேநீரோ எடுத்துக்கொண்டு உட்காரும் நேரத்தில், கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள். அவர்கள் படித்த பள்ளியின் கூரை தகரமா, அத்தாப்பா என்று கேட்டுத் தொடங்குங்கள். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.